நீண்ட கை திரும்ப வேண்டும்

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பழமொழியின் முழுப் பொருளையும் நாங்கள் உணர்ந்தது பள்ளிகளுக்கு இடையே நடந்த ஒரு ரோபோப் போட்டியில்தான். எங்கள் இயந்திரம் கோட்டருகே வந்து நின்றது. ஒன்றனுள் ஒன்றாக அடங்கியிருந்த மூன்று குழாய்களும் வழுக்கிக்கொண்டு வெளியே நீண்டன. எதிரே மேடையில் இருந்த டப்பாவை அதன் விரல்கள் பற்றின. அரங்கமே கைதட்டியது. நாங்களும் துள்ளிக் குதித்தோம். பிறகு திரும்புவதற்கான விசையை அழுத்தினோம். கை திரும்பவில்லை! மோட்டார் சுற்றியது, கயிறு தொய்ந்து தொங்கியது, கை மட்டும் டப்பாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றது. இன்னும் 40 வினாடிகள் இருந்தன. அந்த 40 வினாடிகளும் நாங்கள் ஏழு பேரும் மூச்சுவிடவில்லை. மணி அடித்தது. டப்பா எங்கள் கூடைக்குள் விழுந்தால்தான் மதிப்பெண் என்பது விதி. ஆகவே எங்களுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

தோல்வியைச் சொல்லி இரக்கம் தேடுவதற்காக இதனை எழுதவில்லை. தோற்ற பின்னர் எங்கள் மனத்தில் உறுதிப்பட்ட ஒரு கருத்தை இம்மலரின் வாயிலாகத் தோழியர் முன்னும், ஆசிரியைகள் முன்னும், பெற்றோர் முன்னும் வைக்க விரும்புகிறோம். நீளும் கை ஒன்றைச் செய்வோர் அனைவரும் அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்றே பேசுகின்றனர். பார்ப்போரும் அதற்கே கைதட்டுகின்றனர். எதைப் பற்றிக்கொண்டு, எவ்வளவு பத்திரமாக அது திரும்புகிறது என்பதைக் கொண்டே அதனை அளக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இது விளையாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் மதுரைச் சீமையில் உயிர் காக்கும் செய்தியும் ஆகும். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் எங்கள் கையின் கதை. போட்டியின் தொடக்கத்தில் இயந்திரம் முழுவதும் 75 சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றனர். ஆனால் டப்பா இருந்த மேடையோ கோட்டிலிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. டப்பாவுக்குள் மணல், எடை அரைக் கிலோ. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டிக் கம்பைப் போல நீண்ட ஒற்றைக் கம்பை வைத்துக்கொள்ள இயலாது. அது பெட்டிக்குள் அடங்காது. ஆகவே பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலைப் போலவும், தீயணைப்பு வண்டியின் ஏணியைப் போலவும் உள்ளே அடங்கி வெளியே நீளும் கை தேவைப்பட்டது.

காளவாசல் சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு லேத் பட்டறைக்கு எங்கள் இயற்பியல் ஆசிரியை எங்களை அழைத்துச் சென்றார். 50, 40, 30 மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று அலுமினியச் சதுரக் குழாய்களை வாங்கி, ஒவ்வொன்றையும் 60 சென்டிமீட்டர் நீளமாக அறுத்துக்கொண்டோம். குழாய்ச் சுவரின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு குழாய்க்கும் அதனுள் செல்லும் குழாய்க்கும் இடையே பக்கத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நைலான் பட்டைகளை வைத்தோம். குழாயோடு குழாய் உரசித் தேயாமல் வழுக்கிச் செல்ல அவை உதவின.

இங்கேதான் ஆசை எங்களை ஆட்டிப் படைத்தது. ஒரு குழாய் வெளியே நீளும்போது அதன் பின்பகுதி கொஞ்சமாவது முந்தைய குழாய்க்குள் தங்கியிருக்க வேண்டுமல்லவா? அந்தக் கவ்வலை 5 சென்டிமீட்டர் மட்டும் வைத்தோம். 60, 55, 55 என்று மொத்தம் 170 சென்டிமீட்டர் நீளம் கிடைத்தது. எங்கள் பெருமைக்கு அளவில்லை! பட்டறை அண்ணன் வந்து பார்த்தார்; நுனியைச் சுட்டுவிரலால் மேலும் கீழும் ஆட்டினார். "நீட்டுறது பெரிசில்ல பாப்பா. உள்ள எவ்வளவு பிடிச்சிருக்குன்னு பாரு. வேரில்லாத மரம் எம்புட்டு நேரம் நிக்கும்?" என்றார்.

அன்று மாலை கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நைலான் பட்டையில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் கவ்வலில் அந்த ஆட்டம் ஐம்பதில் ஒரு பங்கு சாய்வைத் தருகிறது. முதல் மூட்டின் சாய்வு அதற்கப்பால் உள்ள 110 சென்டிமீட்டர் நீளத்தில் 22 மில்லிமீட்டர் இறக்கமாகிறது. இரண்டாம் மூட்டின் சாய்வு இன்னும் 11 மில்லிமீட்டர். ஆக, சுமை ஏதும் இல்லாமலேயே நுனி 33 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். கவ்வலை 15 சென்டிமீட்டராக்கினால் மொத்த நீளம் 150 சென்டிமீட்டராகக் குறைகிறது. ஆனால் நுனியின் இறக்கமோ 9 மில்லிமீட்டர்தான்! 20 சென்டிமீட்டர் நீளத்தை விட்டுக்கொடுத்தால் கையின் நடுக்கம் நான்கில் ஒரு பங்குக்கு அருகே குறைந்துவிடுகிறது. பட்டறை அண்ணன் எந்தக் கணக்கும் போடாமல் விரல் நுனியால் இதைக் கண்டுபிடித்தார். குழாயின் கால்பங்கு உள்ளே இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம்.

அடுத்தது எடை. ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் அரைக் கிலோவைத் தாங்க, மறுபுறத்தில் கால் மீட்டர் தொலைவில் 3 கிலோ வைக்க வேண்டும். தராசுத் தத்துவத்தை எட்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆயினும் எங்கள் வண்டி முதன்முறை முகங்குப்புற விழுந்த பிறகே அது எங்களுக்கு விளங்கியது. மின்கல அடுக்கை வண்டியின் பின்கோடிக்கு நகர்த்தினோம். வண்டி நிமிர்ந்து நின்றது.

பின்னர்க் கயிறு. மோட்டாரால் சுற்றப்படும் கயிறு முதல் கப்பி வழியாக நடுக்குழாயை வெளியே இழுக்கும். நடுக்குழாயின் முனையில் உள்ள கப்பி வழியாக இன்னொரு கயிறு கடைசிக் குழாயை இழுக்கும். நடுக்குழாய் ஒரு சாண் நகர்ந்தால் கடைசிக் குழாய் இரண்டு சாண் நகர்ந்துவிடும். வேகம் இரட்டிப்பாகிறது, அதற்கு விலையாக முதல் கயிற்றின் மேல் விழும் இழுவையும் இரட்டிப்பாகிறது. இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

கயிற்றுக்கு ஒரு குணம் உண்டு. அது இழுக்கும், தள்ளாது. வெளியே இழுக்கும் கயிறு உள்ளே தள்ள உதவாது. கிணற்று வாளியாக இருந்தால் தன் எடையால் தானே இறங்கிவிடும். படுக்கையாக நீளும் கைக்கு அந்த வசதி இல்லை. உள்ளே இழுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். நாங்கள் நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு, உள்ளே இழுப்பதற்குச் சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர்ப் பட்டைகளாகக் கட்டினோம். பள்ளி வராந்தாவில் நூறு முறை நீட்டி மடக்கினோம். நூறு முறையும் கை சுறுசுறுப்பாகத் திரும்பியது. ஆனால் தோழியரே, அந்த நூறு முறையும் அது வெறுங்கையாகத் திரும்பியது! டப்பாவைப் பற்றுகிறதா என்று பக்கத்தில் வைத்துச் சோதித்தோம். முழு நீளத்தில் டப்பாவுடன் திரும்புகிறதா என்று ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. நுனியில் உள்ள அரைக் கிலோ, முதல் மூட்டின் நைலான் பட்டைகளை 3 கிலோவுக்கும் மேற்பட்ட எடையால் அழுத்துகிறது. குழாய்களின் சொந்த எடை வேறு. அந்த அழுத்தத்தில் எழுந்த உராய்வை ரப்பரால் வெல்ல இயலவில்லை. அரங்கத்தில் நடந்தது இவ்வளவுதான். யார் மீதும் குறை இல்லை, குறை எங்களுடையதே.

ஏன் சோதிக்கவில்லை? நீள்வதைப் பார்க்க அழகாக இருந்தது. திரும்புவது வேலை முடிந்த பின் நடக்கும் சில்லறை விஷயமாக எங்களுக்குத் தோன்றியது. வராந்தாவில் எங்களைச் சுற்றி நின்ற சிறு வகுப்புப் பிள்ளைகளும் கை நீண்டபோதுதான் "ஓ" என்று கூவினர். அது மடங்கியபோது கலைந்து சென்றனர். இந்த மனப்பான்மையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

உலக அரங்கில் அனுபவம் மிக்கவர்கள் இதனை அறிந்தே விதி வகுக்கின்றனர். அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989 இல் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு 1992 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கு ரோபோப் போட்டி நடத்தி வருகிறது. 2023 ஆம் ஆண்டின் போட்டியில் கூம்புகளையும் காற்றடைத்த கனசதுரங்களையும் எடுத்து வந்து மூன்று உயரங்களில் வைக்க வேண்டும். கூம்பு மாட்டும் கம்பங்களில் உயரமானது 46 அங்குலம். அந்த ஆண்டு பல அணிகள் நீளும் கைகளையே செய்தன. ஆயினும் வண்டியின் சட்டத்துக்கு வெளியே 48 அங்குலத்துக்கு மேல் எந்தக் கையும் நீளக்கூடாது என்று விதி வரம்பு கட்டியது. ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். அதற்குள் களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பலமுறை ஓட வேண்டும். கையை நீட்டியபடி ஓடினால் வண்டி கவிழும். பிறர் மீதும் மோதும். ஆகவே எவருடைய கை விரைவாக உள்ளே அடங்கியதோ அவருக்கே அடுத்த நடை எளிதாயிற்று. நீளத்துக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

விண்வெளியில் வேண்டுமானால் நீளத்துக்கு மதிப்பு உண்டு. 1981 இல் அமெரிக்க விண்ணோடத்தில் முதன்முதலாகப் பறந்த கனடா நாட்டு இயந்திரக் கையின் நீளம் ஏறத்தாழ 15 மீட்டர். எடையற்ற வெளியில் பெரிய செயற்கைக்கோள்களையே அது கையாண்டது. பூமியிலோ தன் சொந்த எடையைக்கூட அதனால் தூக்க இயலாது. நாம் வாழ்வது பூமியில். இங்கே பளுவும் உராய்வும் நம்முடனேயே இருக்கின்றன.

தோல்விக்குப் பின் வந்த வாரத்தில் எங்கள் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். "நீண்டு சென்று ஒன்றைப் பற்றித் திரும்பும் கருவியை நம் மதுரைக்காரர் ஒருவர் செய்திருக்கிறாரே, தெரியுமா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்கப் போட்டியின் விதிகள் தெரிந்திருந்தன. நம் ஊர்ச் செய்தி தெரியவில்லை. வெட்கத்துடன் தேடிப் படித்தோம்.

மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைகளை மீட்பதற்கென்றே ஒரு ரோபோவை உருவாக்கினார். குழாய்க்குள் இறங்கும் குறுகிய உடல், இருட்டில் பார்க்க விளக்கும் கேமராவும், பற்றிக்கொள்ளக் கைகள், மேலிருந்து பிடித்துக்கொள்ளக் கயிறு ஆகியவை அதில் உண்டு. 2014 ஏப்ரல் 14 ஆம் நாள், சங்கரன்கோவிலை அடுத்த குத்தாலப்பேரி என்ற சிற்றூரில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டான். மதுரையிலிருந்து இந்தக் கருவி விரைந்தது. அன்றே சிறுவன் உயிருடன் மேலே வந்தான். இதைப் படித்தபோது எங்களில் சிலர் அழுதுவிட்டோம். அந்தக் கை எத்தனை அடி நீண்டது என்பதை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அது என்ன கொண்டு திரும்பியது என்பதை அந்தச் சிறுவனின் தாய் என்றும் மறக்க மாட்டார்.

அடுத்துப் படித்தது நெஞ்சைப் பிளக்கும் செய்தி. 2019 அக்டோபர் 25 ஆம் நாள் மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை சுஜித், பயன்படாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். முதலில் 30 அடி ஆழத்துக்கு அருகே இருந்தான். மதுரையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கருவிகளோடு பலர் ஓடினர். கையில் கயிறு மாட்டி மேலே இழுக்க முயன்றனர். முயற்சிகள் பலிக்கவில்லை. குழந்தை மேலும் கீழே சரிந்து 80 அடிக்கும் அப்பால் சென்றுவிட்டான். பக்கத்தில் வேறொரு குழி தோண்டியபோது கடும் பாறை குறுக்கிட்டது. 27 ஆம் தேதி தீபாவளி. அன்று நம் வீடுகளில் மத்தாப்பு கொளுத்த மனம் வராமல் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருந்தது சிறு பிள்ளைகளாயிருந்த எங்களுக்கும் மங்கலாக நினைவிருக்கிறது. 29 ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலே மேலே வந்தது.

இதில் யாரையும் குறைகூற எங்களுக்குத் தகுதி இல்லை. நல்ல வெளிச்சத்தில், சமதளத்தில், அரைக் கிலோ மணல் டப்பாவை ஒன்றரை மீட்டரிலிருந்து திரும்பக் கொண்டுவர முடியாதவர்கள் நாங்கள். இருட்டில், ஈர மண் சரியும் குறுகிய துளையில், உயிருள்ள குழந்தையை நோகாமல் பற்றி மேலே கொண்டுவருவது எத்தகைய செயல் என்பதை எங்கள் தோல்வியே எங்களுக்குக் கற்பித்தது.

அதன்பின் ஒரு காரியம் செய்தோம். பெரிய பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை மாடிப்படியின் கைப்பிடியில் செங்குத்தாகக் கட்டி, மணல் நிரப்பிய துணிப் பொம்மை ஒன்றை அதற்குள் செருகினோம். எங்கள் கையை மேலிருந்து தலைகீழாக இறக்கினோம். இறங்குவதில் ஒரு சிரமமும் இல்லை, பூமியே இழுத்துக்கொள்கிறது. பற்றும்போதுதான் வம்பு. விரல் பட்டவுடன் பொம்மை ஒரு விரற்கடை கீழே நழுவியது. மீண்டும் பற்றப் போனால் மீண்டும் நழுவியது. நாங்கள் உதவி செய்யப் போய் அதனை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தோம்! மேலே தூக்குவதற்கு முன்பு மேலும் கீழே போகாமல் தடுப்பதே முதல் வேலை என்று அப்போது புரிந்தது. எங்கள் பொம்மை விளையாட்டுக்கும் உண்மையான மீட்புப் பணிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும் எந்தப் புத்தகமும் எங்களுக்குத் தராத ஒரு கேள்வியை அந்தப் பொம்மை தந்தது.

"பள்ளிப் பிள்ளைகளின் போட்டியில் இத்தகைய துயரங்களை ஏன் கலக்க வேண்டும்? விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டுமே" என்று சிலர் கேட்கலாம். அவர்கள் சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. மகிழ்ச்சி இல்லாத இடத்தில் கல்வி வேரூன்றாது. ஆனால் போட்டிக்கு ஏதோ ஒரு பணியைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? வண்ணப் பந்தை ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் போடச் சொல்வதற்குப் பதிலாக, குழாய்க்குள் உள்ள பொம்மையை அலுங்காமல் குலுங்காமல் எடுத்து வா என்று சொன்னால் மகிழ்ச்சி குறைந்துவிடுமா என்ன? நூறு பள்ளிகளில் நூறு விதமாகச் சிந்திப்பார்கள். அவற்றுள் ஒன்று நாளை உதவலாம்.

வேறொரு கேள்வி இதனினும் வலுவானது. "ஆயிரம் கைகள் செய்வதைவிட ஒரு மூடி போடுவது மேலல்லவா?" என்று எங்கள் தலைமையாசிரியைச் சகோதரி கேட்டார். அதனை முழுமனத்துடன் ஏற்கிறோம். 2006 ஜூலையில் அரியானா மாநிலத்தில் பிரின்ஸ் என்ற சிறுவன் ஆழ்துளையில் விழுந்து, இரண்டு நாட்களுக்குப் பின் இராணுவத்தினரால் மீட்கப்பட்டான். அதன் பிறகும் இத்தகைய விபத்துகள் தொடர்ந்தமையால் 2010 இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தோண்டும் இடத்தில் பெயர்ப்பலகையும் முள்வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டி, இரும்புத் தகட்டைப் பற்றவைத்தோ திருகாணி முடுக்கியோ மூட வேண்டும். கைவிடப்பட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் கொண்டு நிரப்ப வேண்டும் என்பன அவற்றுட் சில. இவை அனைத்தையும் எல்லாரும் பின்பற்றியிருந்தால் 2014 இல் மதுரையிலிருந்து கருவி ஓட வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

மேற்குப் புறத்திலிருந்து தேனி ரோடு வழியாகப் பேருந்தில் வரும் தோழியர் எங்கள் அணியில் இருவர் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் கீழே கீழே போவதையும், வற்றிய துளையிலிருந்து குழாயை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு துளையை அப்படியே விட்டுவிடுவதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குழாய்க்கு விலை உண்டு. துளைக்கு விலை இல்லை. அதுதான் ஆபத்து. அவர்களில் ஒருத்தி தன் தாத்தாவின் தோட்டத்தில் சாக்கு மட்டும் போட்டு மூடியிருந்த ஒரு துளையைக் கண்டு, "தாத்தா, இதுக்கு மூடி போடாம நான் சாப்பிட மாட்டேன்" என்று அடம்பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதில் மண் நிரப்பப்பட்டது. எங்கள் அணியின் உண்மையான முதல் வெற்றி இதுவே என்று நாங்கள் கருதுகிறோம். இயந்திரம் ஏதும் இல்லாமலே கிடைத்த வெற்றி!

அப்படியானால் கை எதற்கு? மூடுவது நம் கடமை. மூட மறந்த இடத்தில் விழுந்துவிட்ட குழந்தைக்குக் கை தேவை. ஓய்வு நாளில் ஓர் ஆடு குழியில் விழுந்தால் அதைத் தூக்கிவிடாதவர் உங்களில் யார் என்று நம் ஆண்டவர் வினவியதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். குழியை ஏன் திறந்து வைத்தாய் என்று வாதிட அதற்கடுத்த நாள் இருக்கிறது. முதலில் ஆடு மேலே வர வேண்டும். எம்மதத்தைச் சேர்ந்த தோழிக்கும் இந்த நியாயம் விளங்கும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, போட்டி நடத்துவோருக்கு. நீண்டதற்கும் தொட்டதற்கும் மதிப்பெண் வைப்பதைவிட, சுமையோடு பத்திரமாகத் திரும்பியதற்கும், ஒருமுறைக்குப் பலமுறை தவறாமல் திரும்பியதற்கும் கூடுதல் மதிப்பெண் வையுங்கள். நம் மண்ணின் தேவைகளிலிருந்து பணிகளைத் தேர்ந்தெடுங்கள். ஆழ்துளை ஒன்று; மனிதர் இறங்கி மூச்சுத் திணறிச் சாகும் கழிவுநீர்த் தொட்டி இன்னொன்று.

இரண்டாவது, பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும். பெண் பிள்ளைகளின் கையில் ரம்பத்தையும் அரத்தையும் ஸ்பானரையும் கொடுங்கள். பெட்டியில் அடைத்து விற்கும் பாகங்களைப் படம் பார்த்துப் பூட்டினால் இயந்திரம் ஓடும். அது ஏன் ஓடுகிறது என்பது தெரியாது. குழாயை நாங்களே அறுத்ததால்தான் கவ்வலின் அருமை தெரிந்தது. பட்டறைக்கு மாணவியர் போகலாமா என்று தயங்கிய பெற்றோர் இருந்தனர். ஆசிரியை உடன் வந்தார். பட்டறை அண்ணன் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே எங்களை நடத்தினார். 2017 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த உலக ரோபோப் போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு சிறுமியர் சென்றனர். அவர்களுக்கு இருமுறை விசா மறுக்கப்பட்டது. மூன்றாம் முறைதான் கதவு திறந்தது. அஞ்சாமைக்கான வெள்ளிப் பதக்கத்துடன் அவர்கள் திரும்பினர். 2021 முதல் அந்நாட்டில் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிக் கதவுகளே மூடப்பட்டுவிட்டன. நமக்கோ கதவு திறந்திருக்கிறது, ஆய்வகமும் இருக்கிறது. அதன் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தால் யாருக்கு என்ன பயன்?

மூன்றாவது, எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வது. வெறுங்கையோடு நூறு முறை ஒத்திகை பார்ப்பதைவிடச் சுமையோடு ஒருமுறை ஒத்திகை பார்ப்பது மேல். இது தேர்வுக்கும் பொருந்தும், வாழ்க்கைக்கும் பொருந்தும். கைதட்டல் கிடைக்கும் பகுதியை மட்டும் பழகிக்கொண்டு, யாரும் பார்க்காத பகுதியை விட்டுவிடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அதனை விட்டொழிக்க முயல்கிறோம்.

இப்போது எங்கள் கையில் ரப்பர்ப் பட்டை இல்லை. இரண்டு கயிறுகள் உள்ளன. ஒன்று வெளியே இழுக்க, ஒன்று வீட்டுக்கு அழைத்துவர. இரண்டும் ஒரே உருளையில் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருக்கின்றன. ஒன்று அவிழும்போது மற்றொன்று சுற்றிக்கொள்ளும். இரட்டை வாளிக் கிணற்றில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவதைப் பாட்டிமார் அன்றாடம் கண்டிருப்பார்கள்; எங்களுக்கு அது விளங்க ஒரு தோல்வி தேவைப்பட்டது. மணல் நிரப்பிய டப்பாவுடன் பத்து முறை நீட்டினால் ஒன்பது முறை கை திரும்புகிறது. அந்தப் பத்தாவது முறை ஏன் சிக்குகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். டப்பாவுக்கு ஒன்பது போதும். குழந்தைக்குப் போதாது.

காளவாசல் என்ற சொல்லுக்குச் சூளை என்று பொருள். பச்சை மண்ணாகச் சூளைக்குள் போகும் கல், வீடு தாங்கும் செங்கல்லாக வெளியே வர வேண்டும். உள்ளே போனதற்காக எவரும் அதை விலை கொடுத்து வாங்குவதில்லை. எங்கள் கையும் அடுத்த ஆண்டு மறுபடி அரங்கத்துக்குப் போகும். தோழியரே, அது நீளும்போது கைதட்டாதீர்கள். திரும்பி வரும் வரை பொறுத்திருந்து, பிறகு தட்டுங்கள்.